சாசனங்கள் பெயர் கூறாத சோழ இராஜகுமாரி

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில் சில கல் தொலைவிலேயே தமிழகம் முடிந்து கன்னட நாடு தொடங்குகின்றது. கிருஷ்ணகிரிக்கு வடக்கே குப்பத்தை எட்டினால் தெலுங்கு நாடு. 1970-களுக்குப் பின் ஓசூரில் எழுந்த தொழிற்பேட்டைகள் இந்நிலத்தைப் பெரிதும் மாற்றிவிட்டன. ராகியும் அவரையும் விளைந்த கொல்லைகளில் இன்று மோட்டார் வாகனங்களும் கைக்கடிகாரங்களும் உருவாகின்றன. எனினும் மாறாதது ஒன்று உண்டு. எல்லைக்கோட்டின் இருபுறத்தாரும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கமே அது. பெண் கொடுத்தவனையும், தாயுடன் பிறந்தவனையும், தமிழன் மாமன் என்கிறான். கன்னடத்தான் மாவ என்கிறான். தெலுங்கன் மாம என்கிறான். மூன்று மொழிக்கும் பொதுவான இவ்வொரு சொல் இந்நாட்டில் எத்தனையோ வழக்குகளைத் தீர்த்திருக்கிறது. எத்தனையோ வழக்குகளை மூட்டியும் இருக்கிறது.

குடியானவர் செய்ததனையே கோவேந்தரும் செய்தனர். இவ்வெல்லை நாட்டிற்காகச் சோழரும் சாளுக்கியரும், அவர்க்குப் பின் ஹொய்சளரும் பாண்டியரும் போர் செய்த காலத்தில், படையால் முடியாததை மணத்தால் முடிக்க அவர்கள் முயன்றனர். அம்முயற்சிகளுள் ஒன்றனை, அதற்கு ஆளான ஒரு சோழ இராஜகுமாரியின் பக்கம் நின்று நாம் ஈண்டு ஆராயக் கருதுகின்றோம். வீரராசேந்திர சோழன் மகள், மேலைச் சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தன் தேவி என்பதற்குமேல் அவளைக் குறிக்க நமக்குச் சொல் இல்லை. பெயரை அவள் தந்தையும் எழுதுவிக்கவில்லை; கணவனுடைய கவிஞனும் எழுதவில்லை.

அரசர் மகட்கொடை எப்பொழுதும் வீண்போயிற்று என்று எண்ணிவிடலாகாது. சோழர்க்கு நன்கு பயன் தந்த மணங்கள் கிழக்கே வேங்கி நாட்டில் நிகழ்ந்தன. முதல் இராசராசன் தன் மகள் குந்தவையைக் கீழைச் சாளுக்கிய விமலாதித்தனுக்குக் கொடுத்தான். அவர்களுக்குப் பிறந்த இராசராச நரேந்திரன் தன் மாமனாகிய முதல் இராசேந்திரனின் மகள் அம்மங்கதேவியை மணந்தான். அவர்களுடைய மகனும் தன் மாமன் மகளையே மணந்தான். இரண்டாம் இராசேந்திரன் மகளாகிய மதுராந்தகியே அவள். இவ்வாறு மூன்று தலைமுறை தொடர்ந்து பெண் கொடுத்ததனால், வேங்கியின் அரசுரிமையில் சிக்கல் நேர்ந்தபோதெல்லாம் சோழர் படை மருமகனுக்கு உதவும் படையாகச் சென்றது. அம்மங்கதேவி திராக்ஷாராமத்துப் பீமேசுவரர் கோயிலுக்குப் பொன் அளித்த செய்தி கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. குந்தவை, அம்மங்கதேவி, மதுராந்தகி என்னும் இம்மூவர் பெயரும் நமக்குத் தெரிகின்றன. தெரியும் காரணமும் எளிதே. அவர்கள் வழியாக ஒரு மகன் ஓர் அரியணைக்கு உரிமை பேசினான். பேசுவதற்குத் தாயின் பெயர் வேண்டியிருந்தது. கலிங்கத்தை ஆண்ட அனந்தவர்மனும் தாய் இராசசுந்தரி சோழர் குடியில் பிறந்தவளாதலின் சோடகங்கன் எனத் தன் பெயரிலேயே அக்குடியைத் தாங்கினான்.

மேற்கே நிலைமை வேறு. கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கியர்க்கும் சோழர்க்கும் பகைமை தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வந்தது. 1054-ஆம் ஆண்டளவில் பேராற்றங்கரைக் கொப்பத்தில் நிகழ்ந்த போரில் இராசாதிராச சோழன் யானைமேல் இருந்தவாறே மாண்டான். அவன் தம்பி இரண்டாம் இராசேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடி, தோற்கும் நிலையில் இருந்த படையைத் திருப்பி வென்றான். அவ்வெற்றியைக் கூறும் மெய்க்கீர்த்தி, கைப்பற்றிய யானைகளையும் குதிரைகளையும் பன்றிக்கொடியையும் எண்ணிவரும் வரிசையில், சிறைப்பட்ட சாளுக்கிய தேவியரையும் சேர்த்து எண்ணுகின்றது. சத்தியவ்வை, சாங்கப்பை என்று அவர்களுள் இருவர் பெயரும் அதில் வருகின்றன.

மற்றொரு தம்பியாகிய வீரராசேந்திரன் 1063-இல் அரசெய்தினான். கங்கபாடியில் நுழைந்திருந்த விக்கலனைத் துங்கபத்திரைக்கு அப்பால் துரத்தியதாக இவன் மெய்க்கீர்த்தி பெருமை பேசுகின்றது. விக்கலன் என்பது விக்கிரமாதித்தனே. கங்கபாடியோ நம் ஓசூர்ப் பகுதியை அடுத்த மேற்கு நாடு; எனவே பிற்காலத்து மாமனும் மருமகனும் முதன்முதல் எதிர்ப்பட்டது நமக்கு அண்டை நிலத்திலேதான் என்னலாம். அதே மெய்க்கீர்த்தியில் வேறொரு செய்தியும் உண்டு. சாமுண்டராயன் என்னும் சாளுக்கியத் தண்டநாயகனைக் கொன்று, அவன் மகளும் இருகையன் மனைவியுமான நாகலை என்பவளின் மூக்கை அரிந்ததாக அரசன் எழுதுவித்துள்ளான். அவள் அழகில் மயில் போன்றவள் என்ற அடைமொழியையும் அவன் விடவில்லை. இதனைப் படிக்குந்தோறும் எமது உள்ளம் கூசுகின்றது. மூக்கரிந்த பகைவன் மகளின் பெயர் அச்சாசனங்களில் நிலைபெற்றிருக்க, மணம் செய்து கொடுத்த தன் மகளின் பெயரோ அவற்றில் இல்லை. பகைவர் குலத்துப் பெண்ணுக்கு நேர்ந்த இழிவு வெற்றியின் கணக்கில் சேர்ந்தது. தன் மகளைக் கொடுத்தது வெற்றியென எழுதத்தக்கதாய் அவ்வரசனுக்குத் தோன்றவில்லை போலும்.

நிற்க. மணம் நேர்ந்த விதத்தைக் காண்போம். 1068-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தீராத சுரநோயால் வருந்திய சாளுக்கிய முதல் சோமேசுவரன் குருவத்தி என்னும் இடத்தில் துங்கபத்திரையில் இறங்கி உயிர் நீத்தான். மூத்த மகன் இரண்டாம் சோமேசுவரன் பட்டம் எய்தினான். இளையவனான விக்கிரமாதித்தனுக்கும் அவனுக்கும் விரைவிலேயே மனம் வேறுபட்டது. இவ்வேறுபாட்டைச் சோழன் நன்கு பயன்படுத்திக்கொண்டான். குத்தியை முற்றுகையிட்டு, கம்பிலியை அழித்து, கரடிகல்லில் வெற்றித்தூண் நாட்டி, விக்கிரமாதித்தனைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டான். சோழன் தன் அடியில் வந்து சேர்ந்த விக்கிரமாதித்தனுக்கு இளவரசர்க்குரிய கண்டிகை கட்டி, இரட்டபாடி ஏழரை இலக்கத்தை வழங்கினான் என்று வீரராசேந்திரன் சாசனங்கள் கூறுகின்றன. மகளைக் கொடுத்ததைப் பற்றி அவை பேசுவதில்லை.

மறுபக்கத்துச் செய்தி காஷ்மீரத்துக் கவியாகிய பில்ஹணனிடமிருந்து கிடைக்கின்றது. இவன் பல நாடுகள் சுற்றிக் கல்யாணியை அடைந்து, விக்கிரமாதித்தன் அவைக்களத்தில் வித்தியாபதி என்னும் பட்டம் பெற்று, விக்கிரமாங்கதேவ சரிதம் என்னும் பதினெட்டுச் சருக்கத்துக் காவியத்தை வடமொழியில் இயற்றினான். பல நூற்றாண்டு மறைந்து கிடந்த அந்நூலின் ஏட்டை ஜெர்மானியப் பேராசிரியர் பூலர் 1874-இல் ஜெய்சல்மேர் ஜைன நூல்நிலையத்தில் கண்டு அடுத்த ஆண்டு அச்சிட்டார். அதில் சொல்லப்படுவது யாதெனின், சோழனே விக்கிரமாதித்தனின் ஆற்றலுக்கு அஞ்சித் தூதனுப்பி, நட்புக்கு அறிகுறியாகத் தன் மகளைத் தருவதாகக் கூறினான். இருவரும் துங்கபத்திரைக் கரையில் சந்தித்தனர். மணம் நடந்தது என்பதே. ஆகவே, தந்தையின் சாசனத்தை நம்பினால் மருமகன் அடைக்கலம் புகுந்தவன். கணவனின் காவியத்தை நம்பினால் மாமன் அஞ்சிப் பணிந்தவன். இரண்டும் தத்தம் அரசனை உயர்த்தவே எழுந்தவை. எமது அபிப்பிராயத்தில் இருவர்க்கும் சமமான தேவை இருந்தது. அண்ணனை எதிர்க்க விக்கிரமாதித்தனுக்குத் துணை வேண்டியிருந்தது. சாளுக்கிய வீடு பிளவுபட்டே இருக்கவேண்டும் என்பது சோழனுடைய விருப்பம்.

மணமகளின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். அவள் புகுந்த வீட்டு மாமனார், அவளுடைய பெரியப்பன் மாண்ட கொப்பத்துப் போரில் எதிர்த்து நின்றவர். அவள் கைப்பற்றிய கணவன், அவள் தந்தை ஊரூராகத் துரத்திய பகைவன். சத்தியவ்வை முதலியோர் சோழர் சிறையிலிருந்த கதை கல்யாணி அரண்மனையில் மறந்திருக்குமா? சோழர் மகள் அங்கே எவ்வாறு வரவேற்கப்பட்டாள் என்பதனை ஒரு வரியாலேனும் கூறியிருந்தால் பில்ஹணனுக்கு நாம் மிகவும் கடப்பாடுடையராவோம்.

மணம் நடந்து நெடுங்காலம் ஆகவில்லை. 1070-இல் வீரராசேந்திரன் இறந்தான். துங்கபத்திரைக் கரையில் இருந்த விக்கிரமாதித்தன் இச்செய்தி கேட்டுத் தெற்கே விரைந்தான் என்றும், காஞ்சியில் கலகத்தை அடக்கி, கங்கைகொண்ட சோழபுரம் சென்று, மனைவியின் உடன்பிறந்தானை அரியணையில் அமர்த்தி, சில காலம் தங்கி மீண்டான் என்றும் பில்ஹணன் உரைக்கின்றான். அவ்வாறு அமர்த்தப்பட்டவன் அதிராசேந்திரன். விக்கிரமாதித்தன் திரும்பிய சின்னாட்களிலேயே நாட்டுக் கலகத்தில் அவன் கொல்லப்பட்டான். வேங்கியின் தலைவனான இராசிகன் சோழ முடியைக் கைக்கொண்டான். இராசிகன் என்று பில்ஹணன் இகழ்ச்சி தோன்றக் குறிப்பவன் நமக்கு நன்கு தெரிந்த முதல் குலோத்துங்க சோழனே. அவனைப் பாடிய கலிங்கத்துப்பரணி, அரசனின்றி நாடு அலைவுற்ற நிலையை விரித்துரைத்து, அதனைப் போக்க அவன் வந்தான் என்கிறது. அதிராசேந்திரன் பெயரை அது எடுப்பதில்லை. தமக்கை பெயரோ தங்கை பெயரோ இல்லாத குடும்பத்தில் தனயனின் பெயரும் இவ்வாறு விடுபட்டது.

இங்கே உறவுமுறையைக் கணக்கிட்டால் இக்கதையின் உண்மையான கொடுமை புலப்படும். குலோத்துங்கன் அம்மங்கதேவியின் மகன். அம்மங்கதேவி வீரராசேந்திரனின் உடன்பிறந்தாள். ஆகவே குலோத்துங்கன் நம் இராஜகுமாரிக்கு அத்தை மகன். முறைமாப்பிள்ளை ஆகத் தக்கவன். அவன் மனைவி மதுராந்தகியோ இரண்டாம் இராசேந்திரனின் மகள். எனவே நம் இராஜகுமாரிக்குப் பெரியப்பன் மகள், தமிழர் முறைப்படி உடன்பிறந்தாளே. இதனால் குலோத்துங்கனும் விக்கிரமாதித்தனும் சகலர் ஆயினர். தந்தை இறந்து, உடன்பிறந்தான் கொலையுண்டு, பிறந்த வீட்டு அரியணையில் அத்தை மகன் அமர, அவனை எதிர்த்துக் கணவன் படையெடுக்கின்றான். எப்பக்கம் வென்றாலும் அவளுக்குத் தோல்வியே.

போரும் அவ்வாறே மூண்டது. சாளுக்கிய இரண்டாம் சோமேசுவரன் தம்பிக்கு எதிராகக் குலோத்துங்கனுடன் சேர்ந்தான். விக்கிரமாதித்தன் 1076-இல் அண்ணனைச் சிறைப்படுத்திக் கல்யாணியில் முடிசூடி, தன் பெயரால் சாளுக்கிய விக்கிரம சகம் என்னும் புதிய ஆண்டுக்கணக்கையும் தொடங்கினான். குலோத்துங்கனுடைய சாசனங்கள், நங்கிலி முதல் மணலூர் வழியாகத் துங்கபத்திரை வரை விக்கலனைத் துரத்தி, வழி நெடுகப் பிணமலை குவித்ததாகக் கூறுகின்றன. நங்கிலி என்பது கோலார் நாட்டில் முளபாகலுக்குக் கிழக்கே உள்ள ஊர். கிருஷ்ணகிரியிலிருந்து வடக்கே ஒருநாட் பயணம். ஓசூர், கோலார்ப் பகுதிகள் அக்காலத்தில் நிகரிலிசோழ மண்டலத்தைச் சார்ந்தவை. இவ்விரு சகலரின் பகையில் பாசறையாகவும் படைவழியாகவும் இருந்து தீய்ந்தது நமது எல்லை நாடே என்பதனை நம் மாணவ நண்பர்கள் மனத்திற் கொள்வாராக. இருவரும் ஏறத்தாழ ஐம்பதாண்டு ஆண்டனர். மணத்தால் வந்த நட்பு ஈராண்டு தாங்கியது. மணத்தால் வந்த பகைமை அவர்கள் வாழ்நாள் முழுதும் தாங்கியது. ஏனெனில், மகட்கொடையால் விக்கிரமாதித்தனுக்குச் சோழ நாட்டில் கால் வைக்க ஓர் உரிமை பிறந்துவிட்டது. மைத்துனனுக்காகப் பழிவாங்க வருகின்றேன் என்று அவன் சொல்லலாயிற்று.

காவியத்தில் அவள் மேலும் வருகிறாளா என்று தேடினால், ஏமாற்றமே. பில்ஹணன் அடுத்து வேறொரு மணத்திற்குச் சென்றுவிடுகிறான். கரகாடத்துச் சிலாகார அரசன் மகளான சந்திரலேகையின் சுயம்வரத்தையும், அவள் அழகையும், வசந்த காலத்தில் அவளும் அரசனும் ஆடிய விளையாட்டையும் சருக்கம் சருக்கமாக அவன் வருணிக்கின்றான். சந்தலாதேவி என்று கல்வெட்டுகளில் வருபவள் இவளே. காதல் மணத்திற்குக் காவியத்தில் இடம் கிடைத்தது; உடன்படிக்கை மணத்திற்கு உடன்படிக்கையளவே இடம்.

இவ்வழக்கு நம் தேசத்திற்கே உரியதென்று கருதவேண்டா. இதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பிற்பட்டு, ஐரோப்பாவில் போர்த்துகல் அரசன் முதல் சாஞ்சோவின் மகள் பெரெங்காரியா 1214-இல் டென்மார்க்கு அரசன் இரண்டாம் வால்டிமாருக்கு மணம் செய்விக்கப்பட்டாள். கண்டத்தின் தென்மேற்குக் கோடியில் பிறந்தவள் வடகோடிக் குளிர் நாட்டில் புகுந்தாள். அவளுக்கு முன் அரசியாயிருந்த டாக்மாரைக் குடிகள் மிகவும் நேசித்திருந்தனர். ஆதலின் புதியவளைக் குறித்து எழுந்த நாட்டுப்பாடல்கள் அவளை வரி கேட்கும் கொடியவளாகவே சித்திரித்தன. ஏழாண்டிலே, 1221-இல், அவள் இறந்தாள். எரிக், ஆபேல், கிறிஸ்டபர் என்னும் அவள் மக்கள் மூவரும் ஒருவர்பின் ஒருவராக அரசராயினர். எரிக் 1250-இல் கொலையுண்டபோது பழி ஆபேல்மேலேயே விழுந்தது. ரிங்ஸ்டெட் நகரத்துத் தேவாலயத்தில் உள்ள அவள் கல்லறை 1855-இல் திறந்து பார்க்கப்பட்டது. போர்த்துகல் இராஜகுமாரிக்கு ஒரு பெயரும், ஒரு கல்லறையும், அவதூறேயாயினும் சில பாட்டுக்களும் எஞ்சின. நம் சோழ இராஜகுமாரிக்கு அவதூறு சொல்வாரும் இல்லாது போயினர்.

இனி நம் ஊர்ப்பக்கம் மீள்வோம். குலோத்துங்கனின் இறுதிக் காலத்தில், 1116-ஆம் ஆண்டளவில், ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டைக் கைப்பற்றிக் கங்கபாடியைச் சோழர் கையினின்று நீக்கினான். நங்கிலிக் கணவாய் அவன் நாட்டின் கீழை எல்லையாயிற்று. அதன்பின் நூறாண்டு கழித்துச் சோழர் வலி குன்றியபோது, அதே ஹொய்சளர் சோழர்க்கு உறவினராக வந்து சேர்ந்தனர். 13-ஆம் நூற்றாண்டில் வீரசோமேசுவரன் என்னும் ஹொய்சள அரசன் திருச்சிராப்பள்ளிக்கு அருகே கண்ணனூரில் அரண்மனை அமைத்துத் தமிழ்நாட்டிலேயே தங்கினான். அவனைச் சோழனும் மாமன் என்றான். பாண்டியனும் மாமன் என்றான். மூன்றாம் இராசேந்திர சோழனுடைய விருதுகளுள் ஒன்று, மாமனாகிய சோமேசுவரனுக்கு மாறான காலதண்டம் என்பது. பிறிதொன்று, வீரசோமேசுவரன் தன் கையால் வீரக்கழல் அணிவித்த காலை உடையவன் என்பது. மருமகன் மாமனுக்கு யமனாகவும், மாமன் மருமகனுக்குக் கழல் கட்டும் பணியாளனாகவும் ஒரே அரசனின் வாயில் ஆகிவிடுகின்றனர்!

மாமன் என்ற சொல் தாயின் உடன்பிறந்தானைக் குறித்ததா, மனைவியின் தந்தையைக் குறித்ததா என்று சரித்திராசிரியர் வாதிடுவர். நம் மொழிகளின் முறைப்படி இரண்டும் ஒருவனாகவே இருத்தலும் கூடும். எதுவாயினும், ஒருவன் மாமனாவதற்கு இடையில் ஒரு பெண் இருந்தே ஆகவேண்டும். அவள் ஹொய்சளர் வீட்டிலிருந்து சோழர் வீட்டிற்கும், மற்றொருத்தி பாண்டியர் வீட்டிற்கும் சென்றிராவிடில் அச்சொல்லே பிறந்திராது. விருதுகளிலோ அரசரின் பெயரைத் தாங்கி அச்சொல் மட்டுமே நிற்கின்றது.

சோமேசுவரனுடைய சொந்த வீட்டில் மட்டும் தாயரின் பெயர்கள் பிழைத்தன. அதற்கும் பங்கு வழக்கே காரணம். 1254-ஆம் ஆண்டளவில் நாடு இரண்டாகப் பிரிந்தது. விச்சலராணியின் மகன் மூன்றாம் நரசிம்மன் துவாரசமுத்திரத்தையும், சாளுக்கியர் குடிப்பிறந்த தேவலமகாதேவியின் மகன் வீரராமநாதன் கண்ணனூரையும் தமிழ்ப் பகுதியையும் பெற்றனர். தந்தை ஒருவனேயாதலின் இன்னார் பங்கு இன்னது எனக் காட்டத் தாயின் பெயர் தேவையாயிற்று. பின்னர்ப் பாண்டியர் கண்ணனூரைப் பறித்துக்கொள்ள, இராமநாதன் மேட்டுநிலத்திற்கு ஏறிவந்து குந்தாணியைத் தலைநகராக்கிக்கொண்டு, 1295 வரை அங்கிருந்தே தன் உடன்பிறந்தான் குடும்பத்துடன் மாறுபட்டு ஆண்டான். அக்குந்தாணி கிருஷ்ணகிரிக்கு வடக்கே சின்னக்கொத்தூரை ஒட்டியுள்ளது. கோட்டை அழிந்து புன்செய்யாகிவிட்ட அவ்விடத்திற்கு ஒருநாள் சென்றுவர விரும்பும் மாணவர், அங்கே ஆண்டவனைச் சோமேசுவரன் மகன் என்று மட்டும் குறித்துக்கொள்ளாது, தேவலமகாதேவியின் மகன் என்றும் தம் ஏட்டில் எழுதிக்கொள்வாராக. அவன் காலத்தில் அவனை அவ்வாறே வேறுபிரித்து அறிந்தனர்.